மூடி எங்க மாப்ள?

வீடு பிரமாதம் மாப்ள. யாரு என்ன குத்தம் சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். முன்னாடி ரெண்டு தூணு, தூணுக்கு ஒரு யாளி. சிங்கம்னு நீ சொல்ற, சரி, சிங்கமாவே இருந்துட்டுப் போகட்டும். தேக்குல கதவு. யாரும் ஏறிப் பாக்காத மாடிப்படிக்குக் கிரானைட்டு. கண்ணு பட்ருமேன்னு மொட்டைமாடி ஓரத்துல நாக்கைத் தொங்கவிட்டு ஒரு பூதம், பூதத்துக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு பூசணிக்கா. ஒரு கயித்துல படிகாரம், இன்னொரு கயித்துல எலுமிச்சம்பழமும் மொளகாயும். இம்புட்டையும் தாண்டி ஒருத்தன் கண்ணு வைக்கணும்னா அவன் வெளியூர்க்காரனாத்தான் இருக்கணும்.

ஒரே ஒரு சந்தேகம். பின்னாடி, தொவைக்கிற கல்லுக்கு மேல, செவுத்துல ஒரு சின்னப் பொட்டி இருக்கு. அதுக்குள்ளருந்து செவப்பு, கருப்பு, பச்சைன்னு மூணு ஒயரு எட்டிப் பாக்குது. மூடியைக் காணோம். காத்தோட்டத்துக்காக விட்டுருக்கியா, இல்ல வாஸ்துக்காரரு அந்த மூலை தொறந்தே கெடக்கணும்னுட்டாரா?

சிரிக்கிற. "அது வெறும் ஜங்ஷன் பாக்ஸ் மாமா, பெயிண்டு அடிச்சு முடிச்சதும் மூடிருவோம்"ங்கிற. பெயிண்டு அடிச்சவரு கூலியை வாங்கிட்டு அடுத்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில ஒக்காந்து பாயாசமும் குடிச்சாச்சு. மூடி இன்னும் வந்தபாடில்ல. எந்தங்கச்சி தெனமும் ஈரக் கையோட அதுக்குக் கீழதான் சேலை பிழியுறா. ஒங்கம்மாளுக்கு ஷாக் அடிக்காதுன்னு எனக்கும் தெரியும். கரண்டே அவளக் கண்டா பயப்படும். இருந்தாலும் ஒரு சாஸ்திரத்துக்கு மூடியைப் போடலாம்ல?

கரண்டு ரொம்ப மரியாதக்காரரு மாப்ள. ஒயருக்குள்ள ஓடுற வரைக்கும் சத்தம் வராது, பெருசாச் சூடும் வராது. ஒயரு ஒயரோட சேர்ற எடத்துலதான் வம்பே. முறுக்கிக் கட்டுனவனுக்கு அன்னைக்கு என்ன அவசரமோ, முறுக்கு லேசாயிருச்சுன்னு வையி. அந்த எடத்துல தடை ஏறும். ஒரு ஓம் தடை, 10 ஆம்பியர் கரண்டுன்னா, அந்த ஒத்த முடிச்சுல மட்டும் 100 வாட்டு சூடு கெளம்பும். ரேடியோ ரிப்பேர் கடையில ஈயத்தை உருக்குறாம்ல ஒரு கம்பி, அதுவே 25 வாட்டுதான். 10 ஆம்பியருக்கு நீ எங்கயும் போக வேண்டாம். குளிக்க வெந்நி மெஷினைப் போட்டு, உள்ள ஏ.சி.யையும் போட்டுவிட்டா அதைத் தாண்டிப் போயிரும். கரண்டு ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. சூடு ஏறச் செம்பு கருக்கும். கருத்தாத் தடை கூடும். தடை கூடுனா இன்னும் சூடு. ஒரு நா சாமத்துல கருகுற வாசம் வரும். "எந்த வீட்லயோ குழம்பு அடி பிடிச்சிருச்சு"ன்னு நீ போத்திக்கிட்டுப் படுப்ப.

"மேல கருப்பு டேப்பு சுத்தியிருக்கோம்ல அண்ணே"ன்னு ஒன் வயர்மேன் சொல்றாரு. டேப்பு நல்லதுதான், நான் என்ன அதுக்கு எதிரியா? ஆனா நம்ம மதுரை வெயிலு அந்த டேப்பைக் கேக்காதே. அக்கினி நட்சத்திரத்துல பசை வழிஞ்சு ஒரு ஓரமா ஒதுங்கிக்கிரும், டேப்பு தானா கழண்டு தொங்கும். உள்ள இருக்கிற செம்பு காத்து வாங்கும்.

பொட்டி எதுக்குன்னு கேட்டா ஊருல எல்லாரும் "ஷாக் அடிக்காம இருக்க"ம்பாக. அது பாதிதான். நம்ம கையி உள்ள போகாம இருக்குறதுக்கு எம்புட்டோ, உள்ள பறக்குற பொறி வெளிய வராம இருக்குறதுக்கும் அம்புட்டு. அதுக்காகத்தான் நல்ல பொட்டிய தீப்பிடிச்சாலும் தானா அணையுற பிளாஸ்டிக்குல செய்யிறாக. நீ வாங்குனது பழைய பக்கெட்டை உருக்கி ஊத்துனது. வெயிலுக்கே நெளிஞ்சு கெடக்கு, நெருப்புக்கு அது விறகுதான். இன்னொண்ணு, பொட்டின்னா தொறக்குற எடத்துல இருக்கணும். ஒன் வயர்மேன் ஒரு முடிச்சை அலமாரிக்குப் பின்னாடி வச்சுச் சிமெண்டு பூசி மறைச்சுட்டாருன்னு கேள்வி. நாளைக்கு அதுல கோளாறுன்னா செவுத்தை ஒடைக்கணும். எந்தச் செவுத்தை ஒடைக்கணும்னு அவருக்கும் ஞாபகம் இருக்காது, ஒனக்கும் தெரியாது. முதல்ல எல்லாச் செவுத்தையும் தட்டிப் பாருங்க, கிரானைட்டைக் கடைசியா ஒடைச்சுக்கலாம்.

அப்புறம் விருந்தாளிக. நம்ம பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன் போட்டுருப்பாக. தலையில விழுந்தா என்ன, தோள்ல விழுந்தா என்ன, எடது கையா வலது கையா, ஒண்ணு விடாம எழுதியிருக்கும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல விழுந்தா என்ன பலன்னு ஒருத்தரும் எழுதல. நான் சொல்றேன் கேட்டுக்க: பல்லிக்கு உடனே மோட்சம், வீட்டுக்கு இருட்டு, ஒனக்குப் பணச் செலவு. சூட்டுக்கு ஆசைப்பட்டு எறும்பு சாரை சாரையா வரும். குளவி வந்து ஈர மண்ணைக் கொண்டாந்து, நீ வீடு கட்டுன வேகத்தவிட வெரசாக் கட்டி, பட்டா வாங்காமக் குடியேறிரும். அதுவாவது வாசலை அடைக்கும் மாப்ள.

ஒன் வண்டிக்கு நம்பர் கூட்டுனா ஒம்பது வரணும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எம்புட்டு அலைச்சல்! செல்போன் நம்பரும் அப்படித்தான். அதே ஆளு, கடையில பொட்டி வாங்கறப்ப அதுல அச்சடிச்சிருக்கிற நம்பரை ஒரு வாட்டியாவது பாத்தியா? ஐ.பி.ன்னு போட்டுப் பக்கத்துல ரெண்டு எண்ணு இருக்கும். ஒலகம் பூராவும் அதுக்கு ஒரே கணக்கு, ஐ.இ.சி. 60529ன்னு ஒரு தர விதி. பாலிடெக்னிக் படிக்கிற எம் பேரன் எனக்கு வெளக்குனான். அவன் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான். மொத எண்ணு, உள்ள என்ன நுழையும்ங்கிறது: ரெண்டுன்னா வெரலு போகாது, அஞ்சுன்னா தூசி போனாலும் கெடுதல் பண்ற அளவுக்குப் போகாது, ஆறுன்னா தூசியே போகாது. ரெண்டாவது எண்ணு தண்ணிக்கு: சைபர்னா தண்ணி பட்டாலே ஆகாது, நாலுன்னா எந்தப் பக்கமிருந்து தெறிச்சாலும் தாங்கும், அஞ்சுன்னா பைப்பு வச்சுப் பீச்சுனாலும் தாங்கும். ஹால்ல ஐ.பி. 20 இருந்தாப் போதும். தொவைக்கிற கல்லுக்கு மேலயும் மொட்டைமாடியிலயும் 55க்குக் கொறையாம வேணும். ரெண்டையும் கூட்டுனா பத்து, பத்துன்னா ஒண்ணு, ஒண்ணு சூரியன். போதுமா? இதுக்காகவாவது வாங்கு.

நல்ல பொட்டி வாங்கி அதைக் கெடுக்குற வித்தையும் நம்மாளுகளுக்குத் தெரியும். 65ன்னு போட்ட பொட்டிய வாங்கி, மேல்பக்கம் ஓட்டை போட்டு ஒயரை எறக்குவாக. மழைத்தண்ணி ஒயரைப் பிடிச்சுக்கிட்டே நேரா உள்ள எறங்கும். அதோட 65 பரலோகம் போயிரும்.

தண்ணியை இப்படி உள்ள விடாமத் தடுக்கிறது ஒண்ணும் இன்னைக்குக் கண்டுபிடிச்ச சங்கதி இல்ல மாப்ள. நீ பொண்டாட்டியோட சமணர் மலைக்குப் போயி, தாமரைக் குளத்தங்கரையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட. அய்யனாரு கோயில் ஆலமரத்தடியில ஒண்ணு, செட்டிப்பொடவு மகாவீரர் சிலைக்கு முன்னாடி ஒண்ணு. பத்தாம் நூத்தாண்டு வாக்குல வெட்டுன செலை, எழுத்தெல்லாம் வட்டெழுத்து. அவரு கண்ணை மூடி ஒக்காந்திருக்காரு, நீ கண்ணாடி போட்டு நிக்கிற. சரி. அப்படியே இன்னும் கொஞ்சம் மேக்க, கொங்கர் புளியங்குளத்துக்குப் போயிப் பாரு. அங்க குகைக்கு மேல, பாறை நெத்தியில நீட்டுக்கு ஒரு காடி வெட்டிவிட்டுருப்பாக. முனிவருக படுக்குற எடத்துக்கு 2000 வருசத்துக்கு முன்னாடி வெட்டுனது. எதுக்குன்னு நெனைக்கிற? மழைத் தண்ணி பாறை மேல வழிஞ்சு வரும். வந்தா நெத்தியில நின்னு அப்படியே கீழ விழாது. பாறையைத் தொத்திக்கிட்டு, வளைஞ்சு, குகைக்குள்ள படுத்திருக்கிறவரு மூஞ்சியில வந்துதான் சொட்டும். காடியை வெட்டிவிட்டா தொத்துன தண்ணிக்குப் பிடிமானம் அந்துபோகும், வெளியவே விழுந்துரும். உள்ள கல்லுப்படுக்கை காய்ஞ்சு கெடக்கும்.

ஒயருக்கும் அதே கதைதான். ஒயரைப் பொட்டிக்குக் கீழ ஒரு வளையம் தாழத் தொங்கவிட்டு, அப்புறம் அடியில இருக்கிற ஓட்டை வழியா மேல ஏத்தணும். தொத்திக்கிட்டு வர்ற தண்ணி வளையத்தோட அடியில சொட்டிப் போயிரும். அந்த ஓட்டையிலயும் ஒயரை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டு போடணும். திருகுனா உள்ள இருக்கிற ரப்பர் ஒயரைக் கவ்விக்கும். ஒன் வயர்மேன் கிளாண்டுக்குப் பதிலா என்ன வச்சிருக்காரு தெரியுமா? பழைய சாக்குத் துண்டு. கேட்டா "ஃபிட்டா இருக்கும் அண்ணே"ங்கிறாரு. உளியும் கையுமா வெயில்ல நின்னு பாறையில காடி வெட்டுன அந்த ஆளுக்கு டிப்ளமா கெடையாது, யூடியூப்பு கெடையாது. தண்ணி எப்படி நடக்கும்ங்கிறது மட்டும் தெரிஞ்சிருக்கு.

நம்ம காலத்து வயரிங் வேற. தேக்கு ரீப்பரு, அதுல தகரக் கிளிப்பு, செவுத்து மேலயே ஓடும். பல்பு தொங்குற எடத்துல வட்டமா ஒரு மரக்கட்டை. மெயின்ல பீங்கான் ஃபியூஸ் கட்டை. சுவிட்சு பூராவும் கருப்பு பேக்லைட்டு. பெல்ஜியத்துல பொறந்து அமெரிக்காவுக்குப் போன லியோ பேக்லாண்டுன்னு ஒருத்தரு 1907ல கண்டுபிடிச்ச சாமான். அவரு பேருதான் அதுக்கு. அது உருகாது, வளையாது. நம்ம நாட்டுல இந்தப் பொட்டிகளுக்குன்னு ஐ.எஸ். 5133ன்னு ஒரு தரமே 1969ல எழுதி வச்சாச்சு: இரும்புப் பொட்டிக்கு ஒரு பகுதி, இன்சுலேட்டர் பொட்டிக்கு ஒரு பகுதி. நீ அப்பப் பொறக்கவே இல்ல. அதனால ஒனக்குச் செல்லாதுன்னு நெனைச்சுட்டியோ என்னமோ.

பொட்டி ஒழுகுனா என்ன ஆகும்னு எடிசனே ஒரு கதை சொல்லியிருக்காரு. நியூயார்க்குல பேர்ல் தெருவுல அவரு கரண்டு நிலையம் ஆரம்பிச்சது 1882 செப்டம்பர் 4. தெருவுக்கு அடியில ஒயரு, மொனைக்கு மொனை ஜங்ஷன் பாக்ஸ். ஒரு நா மத்தியானம் போலீஸ்காரரு ஓடியாறாரு. ஆன் தெருவும் நாசாவ் தெருவும் சேர்ற மொனையில ஏதோ நடக்குது, ஆளை அனுப்புங்கங்கிறாரு. போயிப் பாத்தா பெருங் கூட்டம். கூட்டம் எதுக்கு? குதிரை ஆட்டம் பாக்க! பொட்டியில ஒண்ணு கசிஞ்சு, ஈர மண்ணுல கரண்டு பரவி நிக்குது. நடந்து போற மனுசன் பூட்சுக்கு ஒண்ணும் தெரியல. லாடம் அடிச்ச குதிரை அந்த எடத்துல காலை வச்சதும் பின்னங்காலுல எந்திரிச்சு நிக்குது. எப்பேர்ப்பட்ட கிழட்டுக் குதிரையும் இளவட்டமாயிருது. கூட்டத்தைக் கலைச்சு, கரண்டை நிறுத்தித்தான் ஆட்டத்தை முடிச்சாக.

கதை இதோட முடியல. மறுநா ஒரு குதிரை ஏவாரி எடிசன் ஆபீஸுக்கே வந்துட்டாராம். "எங் கொட்டடியிலயும் இதே வேலையைச் செஞ்சு குடுங்க. கிழட்டுக் குதிரையா வாங்கித் துள்ள வச்சு வித்துப்புடுறேன்"னாராம். நம்ம மாட்டுத்தாவணியில துண்டைப் போட்டு வெரலைப் பிடிச்ச தரகருக காதுல இந்தச் சேதி விழாமப் போச்சே! பல்லுப் பாக்குற வேலையே மிச்சமாயிருக்கும்.

இதுல ஒரு எடத்துல சிரிக்க முடியாது மாப்ள. 2017 நவம்பர் 1. சென்னை கொடுங்கையூர் ஆர்.ஆர். நகர்ல மழைத்தண்ணி தேங்கி நின்னுச்சு. தெருவுல வெளையாடுன ரெண்டு சின்னப் புள்ளைக, தெருப் பொட்டியிலருந்து வந்த ஒயரை மிதிச்சுச் செத்துப்போச்சுக. தண்ணிக்கு அடியில ஒயரு கெடந்தது கண்ணுக்குத் தெரியுமா? அதுகளுக்குத் தெரிஞ்சதெல்லாம் பள்ளிக்கூடம் லீவுங்கிறது.

அந்த மாதிரி தெருப் பொட்டியைப் பில்லர் பாக்ஸுன்னு சொல்றோம். அதை நம்ம ஊர்ப்பக்கம் என்ன பாடு படுத்துறாக? மதுரைக்காரனுக்கு ஒரு சாண் எடம் வெத்தாக் கெடந்தாத் தூக்கம் வராது. காதணி விழா போஸ்டரு ஒரு கதவுல, கண்ணீர் அஞ்சலி போஸ்டரு இன்னொரு கதவுல. கதவுல போட்டுருக்கிற மண்டையோட்டுப் படத்து மேலயே ஒருத்தரு மீசையை முறுக்கிக்கிட்டு நிப்பாரு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறப்ப எது எச்சரிக்கைன்னு வெளியூர்க்காரனுக்குக் கொழம்பும். கதவுத் தாப்பாளை எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் தின்னவன் ஒருத்தன். அதுக்குப் பதிலாக் கட்டுக்கம்பியைப் போட்டுக் கட்டுனவன் இன்னொருத்தன். கதவு தொறந்து கெடந்துச்சுன்னா நீ குச்சியை வச்சுத் தள்ளி மூடப் போகாத. மின்னகம்னு 2021லருந்து ஒரு சேவை இருக்கு, 94987 94987. கூப்பிட்டு எடத்தைச் சொல்லு. பொட்டிக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்குற நேரத்துல இதைச் செஞ்சுரலாம்.

திருவிழாவுல பாத்திருப்ப. சீரியல் செட்டுக்காரங்க ஆலமரத்துலருந்து மூங்கிலுக்கு, மூங்கில்லருந்து மைக் செட்டுக்குன்னு ஒயரை இழுத்துக்கிட்டே போவாக. நடுவுல எத்தனை முடிச்சு! ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை கட்டி, ரப்பர் பேண்டு போட்டுருவாக. ஐ.பி. சைபர் சைபர், கூட கடைக்கு ஒரு விளம்பரம். சாமிக்கு முன்னாடி பயம் வேணாமான்னு கேட்டா, "கருப்பன் பாத்துக்குவான் பெரியப்பு"ங்கிறான். கருப்பனுக்கு இந்த ஊரைக் காக்குறதே பெரும் சோலி. ராத்திரி பூரா அருவாளோட நிக்கிறவரைப் போயி, உன் ரப்பர் பேண்டுக்கும் காவல் இருக்கச் சொல்றியே.

தோட்டத்துக்கு வா. மோட்டார் ரூமுன்னு பேரு, கதவு கெடையாது. ஸ்டார்ட்டர் பொட்டி இரும்பு. அதோட கதவு ஒத்தக் கீல்ல ஊஞ்சலாடுது. 1990லருந்து விவசாயத்துக்குக் கரண்டு சும்மா வருது. சும்மா வர்றதுக்குப் போயி யாரு காசு போட்டுப் பொட்டி வாங்குவாங்கிறது ஒங்கப்பன் வாதம். மச்சானுக்குப் பதில் சொல்ல எனக்கு மரியாத தடுக்குது, ஒங்கிட்டச் சொல்றேன். இரும்புப் பொட்டின்னா எர்த்து கட்டாயம் வேணும். உள்ள ஒரு பேஸ் ஒயரு தோலு உரிஞ்சு பொட்டியைத் தொட்டுச்சுன்னா, காக்க வந்த பொட்டியே ஆளைப் பிடிக்கும். எர்த்து இருந்தா கரண்டு அந்த வழியாப் பாஞ்சு ஃபியூஸைப் போட்டுத்தள்ளிரும். இல்லைன்னா சேத்துக் காலோட கதவைத் தொடுற ஒங்கப்பன்தான் எர்த்து.

வீட்டுக்கு மெயின்ல ஒரு ஆர்.சி.சி.பி. போடச் சொன்னேன், போட்டியா? 30 மில்லி ஆம்பியர் வகை. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் அந்த அளவு வித்தியாசப்பட்டாலே, கண்ணை இமைக்கிறதுக்குள்ள துண்டிச்சுரும். போட்டோம், அது அடிக்கடி விழுதுன்னு வயர்மேன் அதை ஒதுக்கிவிட்டு நேரா ஒயரைக் கொடுத்துட்டாருங்கிற. ஏன் விழுதுன்னு யாரும் கேக்கலையா? மழை பேஞ்ச அன்னைக்குத்தானே விழுந்துச்சு? தொவைக்கிற கல்லுப் பக்கம் போயி மேல பாரு. நாய் கொலைக்குதுன்னு நாயை வித்த கதையாவுல்ல இருக்கு.

நாளைக்கு வெள்ளன டவுனுக்குப் போறேன்னியே, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேட்டுப்பாரு. மூடி மட்டும் தனியாக் கேட்டா கடைக்காரரு ஒன்னை ஏற எறங்கப் பாப்பாரு, பொட்டியோடதான் தருவாரு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.பி. நம்பரும் இருக்கான்னு பாத்து வாங்கு, கூட கிளாண்டும் வாங்கு. முடிச்சு போடுறதுக்கு ஸ்க்ரூ வச்ச கனெக்டரு கெடைக்கும், அதையும் கேளு; முறுக்கி டேப்பு சுத்துற காலம் போயிருச்சு. மூடிக்கு நாலு திருகாணி இருந்தா வயர்மேன்ட்ட நாலையும் போடச் சொல்லு. ரெண்டைப் போட்டுட்டு ரெண்டைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போற பழக்கம் அவருக்கு உண்டு. அந்த ரெண்டு ஓட்டை வழியாத்தான் எறும்பு வரும்.

மாட்டுறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டுச் செய்யச் சொல்லு. "நான் அதெல்லாம் ஆஃப் பண்ணாமலே செய்வேன் அண்ணே, எத்தனை வருச அனுபவம்"னு அவரு மார்தட்டுனாருன்னா நீ வாதாடாத. மெயினை நீயே எறக்கிப் பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருகிக்க. அதுக்கும் அவரு ஒத்துக்கலைன்னா, கூலி பூராவையும் முன்னாடியே குடுத்துரு மாப்ள. பாக்கி வச்ச பாவம் ஒனக்கு வேண்டாம்.